புரதம் எவ்வளவு என்பதோடு எந்நிலையில் என்பதும் கேட்கப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கங்களில் புரதம் பற்றிய கட்டுரைகள் தொடர்ந்து வெளிவருவது மகிழ்ச்சிக்குரியது. முட்டையில் எவ்வளவு, பாலில் எவ்வளவு, சோயாவில் எவ்வளவு என்று கிராம் கணக்கில் அட்டவணை தருவதும், வயதுக்கும் உடல் எடைக்கும் ஏற்ற தேவையைச் சொல்வதும் வாசகர்களுக்குப் பயன்படவே செய்கின்றன. ஆனால் இத்தகைய கட்டுரைகளில், தங்கள் இதழில் மட்டுமன்றி வேறு இதழ்களிலும் தொலைக்காட்சி உரைகளிலும்கூட, ஒரு கருத்து மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது. உணவைச் சூடாக்கினால் அதிலுள்ள புரதம் அழிந்துவிடும், ஆகவே கூடியவரை வேகவைக்காமல் உண்பதே நல்லது என்பதுதான் அது. உணவு வேதியியலை நெடுங்காலம் கற்பித்தவன் என்ற முறையில் இதை மறுப்பது என் கடமை என்று கருதுகிறேன். அத்துடன், சூட்டினால் புரதத்துக்கு என்ன நேர்கிறது என்ற கேள்விக்கு முதன்முதலில் சரியான விடை சொன்ன ஓர் அறிவியலாளரின் ஆய்வு வாழ்க்கையை வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவரவும் விரும்புகிறேன். வூ சியென் என்ற அந்தச் சீன உயிர்வேதியியலாளரின் பெயரை நம் இதழ்களில் நான் இதுவரை கண்டதில்லை.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சிறு மூலக்கூறுகள் பெப்டைடு பிணைப்புகளால் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. அந்தச் சங்கிலி நீட்டிக்கொண்டு கிடப்பதில்லை. தனக்கே உரிய ஒரு வடிவில் இறுக மடிந்து நிற்கிறது. மடிப்பைத் தாங்குபவை ஹைட்ரஜன் பிணைப்புகள், மின்னூட்ட ஈர்ப்புகள், நீரை வெறுக்கும் பகுதிகள் உட்புறமாக ஒதுங்கிக்கொள்ளும் போக்கு போன்ற வலுக்குறைந்த விசைகளே. மடிந்த நிலைக்கும் அவிழ்ந்த நிலைக்கும் இடையிலுள்ள ஆற்றல் வேறுபாடு, பெரும்பாலான சிறு புரதங்களில், ஒரு மோலுக்கு 20 முதல் 60 கிலோஜூல் வரைதான். சங்கிலியில் உள்ள ஒரே ஒரு பிணைப்பின் வலிமையோ ஏறத்தாழ 300 கிலோஜூல். எனவே சூடு ஏறும்போது மடிப்பு குலைகிறது, சங்கிலி அறுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு புரதத்தை முழுவதுமாக அமினோ அமிலங்களாகப் பிரிக்க வேண்டுமானால், அதை 6 மோலார் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டு, 110 டிகிரி செல்சியசில் 24 மணி நேரம் வைக்க வேண்டியிருக்கிறது. சமையல் பாத்திரத்தில் அப்படி எதுவும் நடப்பதில்லை. சுற்றிவைத்த நூற்கண்டு குலைந்துபோனால் நூலின் நீளம் குறைவதில்லை அல்லவா? அதுபோல, வெந்த முட்டையில் உள்ள அமினோ அமிலங்களின் அளவு பச்சை முட்டையில் இருந்ததற்குக் குறையாமல் அப்படியே இருக்கிறது.

இன்று கல்லூரி மாணவர் எவரும் இரண்டு வரியில் எழுதிவிடும் இந்த விளக்கம் எளிதில் கிடைத்ததன்று. 1910-ஆம் ஆண்டில் லண்டன் லிஸ்டர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ஹேரியட் சிக் அம்மையாரும் சார்லஸ் மார்ட்டினும் முட்டை வெண்கருவையும் ஹீமோகுளோபினையும் நீரில் கரைத்துச் சூடாக்கி, புரதம் உறைவதற்கென்று குறிப்பிட்ட ஒரு வெப்பநிலை இருப்பதாக அதுவரை நம்பப்பட்டதை மறுத்தனர். உறைதல் என்பது ஒரு கணத்தில் நேரும் நிகழ்ச்சியன்று, காலத்தோடு நடைபெறும் வினை என்று அவர்கள் காட்டினர். வெண்கருப் புரதத்தில் வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தாலே அந்த வினையின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. அதனால்தான் அது திடீரென்று நிகழ்வதுபோல் நம் கண்ணுக்குத் தோன்றுகிறது. அதனினும் முக்கியமான மற்றொன்றையும் அவர்கள் கண்டனர். உறைதலில் இரண்டு படிகள் உள்ளன: முதலில் ஒவ்வொரு மூலக்கூறும் தன் இயல்பை இழக்கிறது, பிறகு இயல்பிழந்தவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. அமிலத்தின் அளவும் உப்பின் அளவும் இரண்டாவது படியைப் பெரிதும் மாற்றக்கூடியவை. சமைப்பவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்த பலவற்றுக்கு இந்த இரு படிப் பிரிவு காரணம் காட்டியது. ஆனாலும், இயல்பிழக்கும்போது மூலக்கூறுக்குள் நடப்பது என்ன என்ற கேள்வி அப்படியே நின்றது.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்தான் வூ சியென். 1893-இல் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்து ஃபூசோ நகரில் பிறந்த அவர், 1911-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குக் கப்பல் கட்டும் பொறியியல் படிக்கச் சென்று, அங்கே வேதியியலுக்கு மாறினார். பின்னர் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் ஓட்டோ ஃபோலினிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். இருவரும் சேர்ந்து 1919-இல் வெளியிட்ட இரத்தப் பகுப்பாய்வு முறையும், அதைத் தொடர்ந்து வந்த இரத்தச் சர்க்கரை அளவீட்டு முறையும் ஃபோலின்–வூ முறை என்ற பெயரில் உலகெங்கும் மருத்துவமனைகளில் பல பத்தாண்டுகள் பயன்பட்டன. சிறிதளவு இரத்தத்தைக் கொண்டே சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின் முதலியவற்றை அளக்க அந்த முறை வழிவகுத்தது. இளம் வயதிலேயே இத்தனை புகழ் பெற்ற ஒருவர் அதே துறையில் தொடர்ந்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ 1920-இல் நாடு திரும்பி, பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, வேகவைத்த வெண்கரு ஏன் கரைவதில்லை என்பது போன்ற, மருத்துவமனைக்கு உடனடியாகப் பயன்படாத கேள்விகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். அந்தத் தேர்வை நான் மிகவும் மதிக்கிறேன்.

அக்காலத்தில் இயல்பிழத்தலுக்குப் பல விளக்கங்கள் உலவின. புரதம் நீராற்பகுப்படைந்து துண்டாகிறது என்றனர் சிலர். அதற்கு நேர்மாறாக, அது நீரை இழக்கிறது என்றனர் வேறு சிலர். புரதம் திட்டமான அமைப்புடைய மூலக்கூறுதானா, அல்லது சிறு பொருள்கள் திரண்ட கூழ்மமா என்பதே அன்று முடிவாகாமல் இருந்தது. வூ சியெனும், ஆய்வுக்கூடத் துணைவராக இருந்து 1924-இல் அவரை மணந்த டெய்சி யென் வூ அம்மையாரும் சேர்ந்து, வெப்பத்தால் புரதம் இயல்பிழப்பதன் தன்மையைப் பற்றி 1925-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வெப்பம், அமிலம், காரம், யூரியா, ஆல்கஹால், வெறுமனே வேகமாகக் குலுக்குதல் என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல காரணங்கள் ஒரே வகையான மாற்றத்தை உண்டாக்குவது எப்படி என்பதே அவர் முன்னிருந்த புதிர். அமிலமும் குலுக்கலும் ஒரே வேதிப் பிணைப்பை ஒரே விதமாக உடைக்க முடியாது. ஆகவே உடைவது அந்தப் பிணைப்புகளாக இருக்க முடியாது, அவற்றினும் மெலிந்த வேறு ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் படிப்படியாக வந்து சேர்ந்தார்.

1929-இல் பாஸ்டன் நகரில் நடைபெற்ற பன்னாட்டு உடலியங்கியல் மாநாட்டில் அவர் தம் கொள்கையை முதன்முதலில் எடுத்துரைத்தார். முழு வடிவில் அது 1931-இல் சீன உடலியங்கியல் ஆய்விதழில் வெளிவந்தது. இயல்பிழத்தல் பற்றி அவர் எழுதிவந்த கட்டுரை வரிசையில் அது 13-ஆவது. அந்தக் கொள்கை இதுதான்: இயல்பான புரதத்தின் மூலக்கூறு தளர்ந்த சங்கிலியன்று. படிகத்தைப் போன்ற ஒழுங்குடன் இறுகியிருப்பது. ஒரே மூலக்கூறின் வெவ்வேறு பகுதிகளுக்கு இடையே செயல்படும் மெல்லிய விசைகளே அந்த இறுக்கத்தைக் காக்கின்றன. அவை அறும்போது சங்கிலி அவிழ்ந்து, ஒழுங்கு குலைந்து, உள்ளே மறைந்திருந்த பகுதிகள் வெளிப்படுகின்றன. கரைதிறன் குறைவதும், மறைந்திருந்த வேதித் தொகுதிகள் வினைபுரியத் தொடங்குவதும், செரிமான நொதிகள் எளிதாகத் தாக்குவதும் இந்த ஒரே மாற்றத்தின் விளைவுகள் என்று அவர் விளக்கினார். நீருள்ள புரதப் படிகத்தின் முதல் எக்ஸ்-கதிர்ப் படம் 1934-இல்தான் எடுக்கப்பட்டது. தசையிலுள்ள மயோகுளோபின் என்ற புரதத்தின் முப்பரிமாண வடிவம் 1958-இல்தான் தெரியவந்தது. கண்ணால் காண எந்த வழியும் இல்லாத காலத்தில், கரைதிறனையும் செரிமான வேகத்தையும் அளந்து மட்டுமே மூலக்கூறின் உள்ளமைப்பை ஒருவர் ஊகித்திருக்கிறார் என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் வியப்பு மேலிடுகிறது.

ஆயினும் அந்தக் கட்டுரையை மேலைநாட்டு ஆய்வாளர்களில் மிகச் சிலரே படித்தனர். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1936-இல், அமெரிக்க அறிவியலாளர்களான ஆல்ஃபிரட் மிர்ஸ்கியும் லைனஸ் பாலிங்கும் ஹைட்ரஜன் பிணைப்பை முன்வைத்து ஏறத்தாழ இதே கருத்தை வெளியிட்டபோது, பாடநூல்கள் அவர்களின் பெயரையே ஏற்றுக்கொண்டன. பாலிங்கின் பங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. மெல்லிய விசை என்று வூ பொதுவாகச் சொன்னதற்கு அவர்கள் திட்டமான வேதியியல் உருவம் கொடுத்தார்கள். ஆனால் முதலில் சொன்னவருக்கு உரிய இடம் 1995-இல்தான் ஓரளவு கிடைத்தது. ஹார்வர்டின் மூத்த புரத வேதியியலாளர் ஜான் எட்சல், புரத வேதியியல் துறையின் ஆண்டுத் தொகுப்பு ஒன்றில் 1931-ஆம் ஆண்டுக் கட்டுரையை மறுபடி அச்சேற்றி, இயல்பிழத்தலின் முதல் கொள்கை இதுவே என்று முன்னுரை எழுதினார்.

புரதத்தின் நிலைப்பை ஆராய்ந்த அதே ஆண்டுகளில் வூ சியென் மக்களின் உணவையும் ஆராய்ந்தார். சீன உணவுப்பொருள்களின் சத்து மதிப்பை அளந்து 1928-இல் வெளியிட்டார். தாவர உணவு மட்டும் கொடுத்து வளர்த்த எலிகளின் வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் பதிவு செய்தார். இந்த இரு வேலைகளும் ஒன்றுக்கொன்று அயலானவை என்று நான் கருதவில்லை. ஒரு மூலக்கூறு எவ்வாறு அவிழ்கிறது என்று தெரிந்தவருக்கே அது குடலில் எவ்வாறு செரிக்கும் என்ற கேள்வியின் முழு ஆழமும் விளங்கும். 1941 டிசம்பருக்குப் பின் ஜப்பானியப் படை பீக்கிங் மருத்துவக் கல்லூரியை மூடியதோடு அவருடைய ஆய்வுக்கூட வாழ்வும் குலைந்தது. அவர் பின்னர் அமெரிக்காவில் தங்கி, 1959-இல் பாஸ்டனில் காலமானார். புரத நிலைப்பில் நீரை வெறுக்கும் பகுதிகளின் பங்கை நிறுவிய வால்டர் காஸ்மனின் புகழ்பெற்ற ஆய்வுரை வெளியானதும் அதே ஆண்டில்தான்.

இந்த ஆராய்ச்சிகள் உணவுக்கு எப்படிப் பொருந்துகின்றன என்பதை இனிப் பார்க்கலாம். சோயாவின் கதை எனக்கு எப்போதும் முதலில் நினைவுக்கு வரும். 1917-இல் அமெரிக்காவின் தாமஸ் ஆஸ்போர்னும் லஃபாயெட் மெண்டலும், பச்சை சோயா மாவைத் தின்ற எலிகள் சரியாக வளரவில்லை என்றும், வேகவைத்த சோயாவைத் தின்றவை நன்றாக வளர்ந்தன என்றும் கண்டனர். புரதத்தின் அளவு இரண்டிலும் ஒன்றே. காரணம் பின்னாளில் தெரிந்தது. கணையத்தில் சுரந்து குடலில் செயல்படும் டிரிப்சின் என்ற செரிமான நொதியைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்யும் புரதம் ஒன்று சோயாவில் இருக்கிறது. மோசஸ் குனிட்ஸ் 1945-இல் அதைப் படிகமாகவே பிரித்தெடுத்தார். அது தன் மடிப்பைக் காத்துக்கொண்டிருக்கும்வரைதான் நொதியைத் தடுக்க முடியும். ஈரச் சூட்டில் அவிழ்ந்தபின் அதுவும் சாதாரண உணவுப் புரதமாகிவிடுகிறது. பச்சையாக உண்டால் சத்து மிகுதி என்று எழுதுபவர்கள் இந்த ஒரு சான்றையாவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

முட்டையின் செய்தியும் இதுவே. 1998-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிறுகுடலின் இறுதியில் எவ்வளவு புரதம் செரிக்காமல் எஞ்சுகிறது என்று மனிதர்களிடமே அளந்தனர். வேகவைத்த முட்டையின் புரதத்தில் சுமார் 91 விழுக்காடு செரித்தது. பச்சை முட்டையில் சுமார் 51 விழுக்காடுதான். ஆய்வில் பங்கேற்றவர்கள் சிலரே என்பதால் இந்த எண்களை இறுதியானவை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேறுபாடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் ஐயமில்லை. அவிழ்ந்த சங்கிலியை நொதிகள் எளிதாகத் தாக்கும் என்று 1931-இல் சொல்லப்பட்டதும் அதுதான்.

பாலில் இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. அதிலுள்ள கேசீன் புரதங்கள் உறுதியான மடிப்பு ஏதுமின்றி இயல்பாகவே தளர்ந்த அமைப்புடையவை. அவிழ்வதற்கு அவற்றில் அதிகம் எதுவும் இல்லை. ஆகவேதான் பாலைக் கொதிக்க வைக்க முடிகிறது. சில நொடிகளுக்கு 140 டிகிரி வரை சூடேற்றிக்கூட அது திரியாமல் காக்க முடிகிறது. பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற மற்றொரு பால் புரதமோ இறுக மடிந்தது. வயிற்றிலுள்ள பெப்சின் நொதி அதன் இயல்பான வடிவத்தை அவ்வளவு எளிதில் தாக்குவதில்லை. 70 டிகிரியைத் தாண்டிச் சூடேறும்போது அது அவிழ்கிறது; உள்ளே ஒளிந்திருந்த ஒரு கந்தகத் தொகுதி வெளிப்பட்டு, கேசீன் துகள்களின் மேற்பரப்போடு பிணைந்துகொள்கிறது. நன்றாகக் காய்ச்சிய பாலில் தயிர் கெட்டியாகத் தோய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சூட்டினால் இழப்பே இல்லை என்று நான் வாதிடுவதாகக் கருத வேண்டாம். சர்க்கரையோடு சேர்ந்து மிகுந்த சூட்டில் உலரவோ வறுபடவோ நேரும்போது, லைசின் என்ற இன்றியமையாத அமினோ அமிலத்தின் ஒரு பகுதி சர்க்கரையோடு வினைபுரிந்து உடலுக்குப் பயன்படாமல் போகிறது. லூயி மெயார் 1912-இல் விவரித்த இந்த வினைதான் ரொட்டியின் மேல்தோலைப் பழுப்பாக்குவதும். வலுவான காரத்தில் நெடுநேரம் வைத்தாலும் சில அமினோ அமிலங்கள் சிதைகின்றன. தங்கள் கட்டுரையாளர்கள் எச்சரிக்க விரும்பினால் எச்சரிக்க வேண்டியவை இவை. சாதாரணமாக வேகவைப்பதை இவற்றோடு ஒன்றாக்கக் கூடாது.

இயல்பிழக்காத புரதம் என்று அச்சிட்டு, அதற்கென்றே கூடுதல் விலை வைத்து விற்கப்படும் புரத மாவுகளைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். கரைதிறனும் நுரைக்கும் தன்மையும் தேவைப்படும் உணவுத் தயாரிப்பில் மடிப்புக் குலையாத புரதத்துக்குப் பயனுண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உண்பவரின் தசைக்கு அது மேலானது என்ற வாதத்துக்கு வலுவில்லை. வயிற்றின் அமிலமும் நொதிகளும் செய்யும் வேலையே அதை அவிழ்த்துத் துண்டாக்குவதுதான். குடல் உறிஞ்சுவது அமினோ அமிலங்களையும் மிகச் சிறிய துண்டுகளையுமே.

புரதம் அவிழாமல் காக்கும் முயற்சியிலும் இதே அறிவியல் பயன்படுகிறது. செர்ஜ் திமாஷெஃப், தம் பணிக்காலத்தின் முற்பகுதியில் அமெரிக்க வேளாண்துறை ஆய்வுக்கூடத்தில் பீட்டா லாக்டோகுளோபுலினை ஆராய்ந்தவர். அவரும் ஜேம்ஸ் லீயும் 1981-இல், சர்க்கரைக் கரைசலில் புரதம் ஏன் கூடுதல் வெப்பத்தைத் தாங்குகிறது என்று விளக்கினர். சர்க்கரை புரதத்தின் மேற்பரப்பை விட்டு விலகி நிற்க முனைகிறது. புரதம் அவிழ்ந்தால் அந்த மேற்பரப்பு பெருகும். ஆகவே மடிந்த நிலையே ஆற்றல் நோக்கில் சாதகமாகிவிடுகிறது. அரைத்த மீனைச் சர்க்கரை சேர்த்து உறைய வைத்தால் அதன் புரதம் கெடுவதில்லை என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1960-ஐ ஒட்டியே கண்டறிந்திருந்தனர். கோட்பாட்டு விளக்கம் பின்னால்தான் வந்தது.

முட்டை ஒவ்வாமை உடையவர்களுக்கும் புரதத்தின் நிலைப்பு பொருட்படுத்த வேண்டியதே. வெண்கருவில் உள்ள ஓவோமியூகாய்டு என்ற புரதம் டைசல்பைடு என்னும் வலுவான கந்தகப் பிணைப்புகளால் கட்டப்பட்டிருப்பதால் சூட்டையும் நொதிகளையும் பெரிதும் தாங்குகிறது. அதனால் சிலருக்கு நன்றாக வெந்த முட்டையும் தீங்கு செய்கிறது. வேறு சிலருக்குச் செய்வதில்லை. இதை மருத்துவர் மேற்பார்வையில்லாமல் வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது என்ற எச்சரிக்கையோடு தாங்கள் எழுதினால் பலருக்கு உதவியாக இருக்கும்.

தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டு. புரதம் பற்றிய அட்டவணைகளை வெளியிடும்போது, அந்த உணவு எந்நிலையில் உண்ணப்படுகிறது, அதில் எவ்வளவு செரிக்கிறது என்ற குறிப்பையும் சேர்த்து வெளியிடுங்கள். செரிமானத்தைக் கணக்கில் கொண்டு புரதத்தின் தரத்தை மதிப்பிடும் முறையை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2013-இலேயே பரிந்துரைத்திருக்கிறது. இரண்டாவதாக, தங்கள் அறிவியல் பக்கத்தில் வூ சியெனைப் பற்றியும், அவருடைய ஆய்வுகளில் உடனுழைத்த டெய்சி யென் வூ அம்மையாரைப் பற்றியும், ஹேரியட் சிக் அம்மையாரைப் பற்றியும் விரிவான கட்டுரைகள் வெளியிட ஆவன செய்யுங்கள். துறையறிந்த எவரேனும் எழுத முன்வராவிட்டால் நானே எழுதித் தர அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உணவு வேதியியல் பேராசிரியர் (ஓய்வு)